கணக்கு நோட்டோட கடைசிப் பக்கம்

எனக்கு தொழிலே கணக்கு எழுதுறதுதான். கம்பத்துல காலைல அஞ்சே முக்காலுக்கு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியா மேல கேரளா பக்கம் போயி, ஏலத்தோட்டத்து ஸ்டோர்ல யாரு எத்தன கிலோ பச்சைக்கா எடுத்தா, இன்னைக்கு ஆளு எத்தன, டிரையர்ல எவ்வளவு போட்டு எவ்வளவு காஞ்சு வந்துச்சு, இதெல்லாம் எழுதுறது என் வேலை, பதினெட்டு வருசமா இதான். அஞ்சு கிலோ பச்சைக்கா போட்டா சுமாரா ஒரு கிலோ காஞ்ச காய் நிக்கும், அதுல நூறு கிராம் இடிச்சாலும் எங்க போச்சுன்னு கேள்வி வரும். அப்படி கிராம் கிராமா பாக்குற இடத்துல உக்காந்துக்கிட்டு, என் உடம்புல இருந்து மாசாமாசம் எவ்வளவு ரத்தம் போகுதுன்னு ரெண்டு வருசமா எனக்கு ஒரு கணக்கும் இல்ல. அத யாரும் கேக்கவும் இல்ல.

45 வயசுல ஆரம்பிச்சுச்சு. முதல்ல போனது தூக்கம். ராத்திரி ரெண்டு மணிக்கு டக்குனு முழிப்பு தட்டும், கழுத்துக்குப் பின்னாடி தண்ணி ஊத்துன மாதிரி வேர்வை, மார்கழி மாசத்துல ஃபேன் போடுன்னா வீட்டுக்காரரு ஒரு மாதிரி பாப்பாரு. அப்புறம் படபடப்பு, முட்டிவலி, சும்மா சும்மா கோவம், பையன் தட்டைக் கழுவாம வச்சிருந்ததுக்கு ஒரு நாள் அழுதேன்னா பாத்துக்கங்க. அதோட மாசத்துக்கு ஒரு தடவை வந்துக்கிட்டிருந்த தீட்டு இருபது நாளைக்கு ஒரு தடவை, வந்தா ஒம்பது நாள் பத்து நாள், கட்டி கட்டியா. எங்க அப்பத்தா இதுக்கு 'பெரும்பாடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லும். சின்னப் பிள்ளைல அத வேற எதோ கஷ்டம்னு நெனச்சேன், அது ரத்தப்போக்குக்கு இருக்கற பழைய பேருன்னு இந்த வயசுலதான் புரிஞ்சுச்சு. பேரு எவ்வளவு சரியா வச்சிருக்காங்க பாருங்க.

மலைல இது எவ்வளவு பெரிய பாடுன்னு வேல பாக்குறவங்களுக்குத்தான் தெரியும். ஜீப்புல 14 பேரு நெருக்கி உக்காந்து ஒரு மணி நேரத்துக்கு மேல வளைவு வளைவா ஏறணும், தோட்டத்துல கக்கூஸ் கெடையாது, ஸ்டோர்ல ஒண்ணு இருக்கு அதுக்கும் தாழ்ப்பாள் நிக்காது. அதனால நாங்க யாரும் காலைல தண்ணியே குடிக்க மாட்டோம். நான் ரெண்டு பேடு சேத்து வச்சு, மேல பழைய கருப்பு சேலைய கட்டிட்டுப் போவேன். ஒரு நாள் 16 கிலோவ 61ன்னு எழுதிட்டேன். 61 கிலோ ஒரு ஆளு ஒரு நாள்ல எடுக்க முடியுமா, முதலாளி பாத்துட்டு சிரிச்சாரு, 'எந்தா சேச்சி, ஒறக்கமாணோ?'ன்னாரு, என்னக்கா தூக்கமான்னு அர்த்தம். நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து பயந்துட்டேன், எங்க அம்மாவுக்கு கடைசில ஞாபகம் தப்புனது நெனப்பு வந்துருச்சு.

டாக்டர்கிட்ட போகாம இல்ல. இங்க கீழ ஒருத்தர்கிட்ட போனேன், 'இந்த வயசுல இதெல்லாம் சகஜம்மா'ன்னு சொல்லி சத்து மாத்திரையும் கால்சியமும் எழுதுனாரு. ரெண்டு மாசம் கழிச்சு மலைல வேல பாக்குற பக்கத்துலயே ஒரு கிளினிக்குக்கு போனேன், அவரு 'பிராயம் ஆயில்லே சேச்சி, அதொக்கே உண்டாகும்'னாரு, வயசாயிருச்சுல்ல அதெல்லாம் இருக்கும்னு அர்த்தம். முல்லைப் பெரியாறு தண்ணிக்கு ரெண்டு ஸ்டேட்டும் எத்தன வருசமா கோர்ட்டுக்கு நடக்குறாங்க, இந்த ஒரு விசயத்துலதான் இவ்வளவு ஒத்துமை. அந்தக் கிளினிக்குல தூக்கத்துக்கு ஒரு மாத்திரை குடுத்தாங்க, சோல்பிடெம், 10 மில்லிகிராம். தூக்கம் வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா காலைல ஜீப் ஏறும்போதும் அது எறங்கல, லோடு வந்து எறங்குற நேரத்துல தலை அப்படியே மேசைல சாயும். அந்த 61 எழுதுன நாளு இந்த மாத்திரை போட்ட மூணாவது நாளுன்னு பின்னாடி தேதி பாத்தப்பதான் தெரிஞ்சுச்சு.

மூணாவதா போனது ஒரு நர்சிங் ஹோம். ஸ்கேன் அஞ்சு நிமிசம், 'கட்டி இருக்கு, கர்ப்பப்பைய எடுத்துருவோம், ரெண்டு பிள்ளை இருக்குல்ல, இனிமே அது எதுக்கு உங்களுக்கு, நாளைக்கே அட்மிட் ஆயிருங்க'. கட்டி எவ்வளவு பெருசுன்னு கேட்டேன், 'பயப்படுற மாதிரிதான்'னாங்க. ஒடம்புல ரத்தம் எவ்வளவு இருக்குன்னு டெஸ்ட் கூட அன்னைக்கு பாக்கல. வீட்டுக்காரரு சரின்னு தலையாட்டிட்டாரு, அவரச் சொல்லி குத்தமில்ல, பொம்பளைங்க விசயம்னா அவரு எதுக்கும் தலையாட்டுவாரு.

நான் ஏன் அன்னைக்கு சேரலன்னா எங்க தெருவுல ஒரு தங்கச்சி இருக்கு. 34 வயசுல கர்ப்பப்பையோட சேத்து ரெண்டு பக்கத்து சினைப்பையும் எடுத்துட்டாங்க, எடுத்தது அதுக்கே தெரியாது, நாலு வருசம் கழிச்சு வேற டாக்டர் பழைய பேப்பரப் பாத்து சொல்லித்தான் தெரியும். ஆபரேஷன் முடிஞ்ச மாசமே உடம்பெல்லாம் எரியுதுன்னு சொன்னா, ஊரே அவளுக்கு மனசு சரியில்லன்னு சொல்லுச்சு. இப்ப 43, பாத்ரூம்ல லேசா வழுக்கி கைய ஊன்றுனதுக்கு மணிக்கட்டு ஒடஞ்சிருச்சு. சினைப்பைல இருந்து வர்ற ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் எலும்புக்கும் இதயத்துக்கும் காவல் மாதிரி, அத சின்ன வயசுல ஒரே நாள்ல நிறுத்துனா தீட்டு நிக்கிற காலம் பத்து வருசம் முன்னாடியே வந்து நிக்கும், அப்ப அதுக்கு மாத்து மருந்து வேணுமான்னு டாக்டர் பேசியிருக்கணும். யாரும் அவகிட்ட பேசல. 2022ல மத்திய சுகாதாரத் துறை தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷன தடுக்க வழிகாட்டுதல் போட்டுச்சு, 2023ல சுப்ரீம் கோர்ட்டும் எல்லா மாநிலமும் மூணு மாசத்துக்குள்ள அத நடைமுறைக்கு கொண்டு வரணும்னு சொல்லிருச்சு. இது நம்ம தெருவுக்கு வந்து சேந்துச்சான்னா, எனக்கே பொண்ணு சொல்லித்தான் தெரியும்.

பொண்ணு கோட்டயத்துல நர்சிங் படிக்கிறா. அவதான் போன்ல கத்துனா. 'அம்மா நீ ஏலக்காய்க்கு எழுதுறல்ல, உனக்கு எழுது'. அவ்வளவுதான் சொன்னா, போன வச்சுட்டா, கிளாஸ் இருந்துச்சு போல. நான் ஸ்டோர் நோட்டோட கடைசிப் பக்கத்துல கோடு போட்டேன். தேதி, பேடு எத்தன, ரத்தம் கட்டியா வந்துச்சா, ராத்திரி எத்தன தடவ முழிப்பு, வேர்வை, படபடப்பு, அன்னைக்கு என்ன மாத்திரை. முதலாளி பின்பக்கம் திருப்ப மாட்டாருன்னு ஒரு தைரியம். திருப்பியிருந்தா என்ன ஆயிருக்கும், ஒண்ணும் ஆயிருக்காது.

ரெண்டு மாசம் எழுதி முடிக்கிறதுக்குள்ள மதினிக்கு அந்த சம்பவம் நடந்துச்சு. அத சொல்லாம இத சொல்ல முடியாது.

எங்க அண்ணனுக்கு 52 வயசுல நெஞ்சு வலின்னு மார்ல கைய வச்சாரு, பத்து நிமிசத்துல பக்கத்து வீட்டுக்காரரு காரு எடுத்துட்டாரு, போன உடனே ஈசிஜி, அன்னைக்கு ராத்திரியே தேனில அட்மிட். சினிமால காட்டுற மாதிரி வலி, சினிமால காட்டுற மாதிரி எல்லாரும் ஓடுனாங்க. மூணு வருசம் கழிச்சு மதினிக்கு, அவங்களுக்கு அப்ப 55, ஒரு நாள் சாயங்காலம் தாடை கடுக்குதுன்னாங்க. முதுகுல தோள்பட்டைக்கு நடுவுல பிடிச்சுக்கிச்சு, வாந்தி வர்ற மாதிரி இருக்கு, மாடிப்படி ஏறல அதுக்கே மூச்சு வாங்குது. நெஞ்சு வலியே இல்ல. வாயுன்னு சொல்லி பூண்டு தட்டிப் போட்டு ரசம் வச்சு குடுத்தோம், சோடா வாங்கிக் குடுத்தோம், குடுத்தது நான்தான். மறுநாள் காலைல ஒரு கிளினிக்குல கேஸ் ஊசி போட்டு 'டென்ஷன் ஆகாதீங்கம்மா'ன்னு அனுப்புனாங்க. அன்னைக்கு மத்தியானம் சோறு பொங்கிட்டுத்தான் படுத்தாங்க மதினி. சாயங்காலம் எந்திரிக்க முடியல, அப்பறம்தான் ஈசிஜி. அட்டாக் வந்து ஒரு நாள் ஆயிருச்சுன்னாங்க. ஸ்டென்ட் வச்சு பொழச்சுக்கிட்டாங்க, ஆனா இதயம் கொஞ்சம் பலவீனமாவே நின்னுருச்சு, இப்ப கொடத்துல தண்ணி தூக்க முடியாது.

ஆஸ்பத்திரி வராண்டாவுல பொண்ணும் நானும் ராத்திரி உக்காந்திருந்தப்ப அவகிட்ட கேட்டேன், ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரே வியாதி, ஏன் ஒருத்தருக்கு காரு இன்னொருத்தருக்கு சோடான்னு. அவ போன எடுத்து ஒண்ணொண்ணா சொன்னா. நான் கணக்குக்காரி, எனக்கு நம்பர் சொன்னாத்தான் ஏறும்னு அவளுக்குத் தெரியும்.

பொம்பளைங்களுக்கும் நெஞ்சு வலி வரும், வராம இல்ல, ஆனா தாடை, முதுகு, குமட்டல், மூச்சு வாங்குறது, காரணமில்லாத அசதி இதெல்லாம் அவங்களுக்கு சேந்து வர்றது அதிகம். ஆனா பாடப்புத்தகத்துல 'வழக்கமான அறிகுறி'ன்னு எழுதுனது ஆம்பளைங்க ஒடம்பப் பாத்து எழுதுனது, நம்மளுது 'வழக்கத்துக்கு மாறானது'. ஒலகத்துல பாதிப் பேருக்கு வர்றது எப்படி வழக்கத்துக்கு மாறாகும்னு கேட்டேன், அதத்தான் இப்ப டாக்டருங்களே கேட்டுக்கறாங்கம்மான்னா. ஆஸ்பிரின் தெனம் விட்டு தெனம் போட்டா ஹார்ட் அட்டாக் கொறையுமான்னு அமெரிக்காவுல ஒரு பெரிய ஆராய்ச்சி, 22,071 டாக்டருங்கள வச்சு செஞ்சாங்க, 22,071 பேரும் ஆம்பளைங்க. முதல் அட்டாக் வர்றது 44 சதவீதம் கொறஞ்சுச்சுன்னு 1989ல ரிப்போர்ட். பொம்பளைங்கள வச்சு அதே கேள்விய கேட்டு விடை வந்தது 2005ல, கிட்டத்தட்ட 40,000 பேர வச்சு, அதுல பாத்தா அட்டாக்ல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல, ஸ்ட்ரோக்தான் கொறஞ்சிருந்துச்சு. இது வியாதி வராதவங்கள வச்சு பாத்தது, ஸ்டென்ட் வச்சவங்க கதை வேற, மதினி மாதிரி ஆளுங்க டாக்டர் குடுத்த ஆஸ்பிரின இதப் படிச்சுட்டு நிறுத்திராதீங்க.

ஏன் பொம்பளைங்கள சேக்கலங்கறதுக்கு ஒரு காரணம் தாலிடோமைடு. வாந்திக்குன்னு அந்த மாத்திரை போட்ட கர்ப்பிணிங்களுக்கு கை கால் வளராத பிள்ளைங்க பொறந்தாங்க, 1961ல அத நிறுத்துனாங்க. அந்த பயம் நியாயமான பயம். ஆனா 1977ல அமெரிக்க மருந்து நிர்வாகம் என்ன பண்ணுச்சுன்னா, பிள்ளை பெத்துக்கற வயசுல இருக்கற பொம்பளைங்கள ஆரம்பக்கட்ட மருந்து சோதனைலருந்து விலக்கி வையுங்கன்னுருச்சு. அத மாத்துறதுக்கு 1993 ஆச்சு. எலில கூட ஆண் எலியத்தான் ரொம்ப நாளா எடுத்தாங்களாம், பெண் எலிக்கு ஹார்மோன் ஏறி எறங்கும், கணக்கு குழம்பும்னு. இதக் கேட்டதும் எனக்கு கோவமே வந்துருச்சு. எங்க ஸ்டோர்ல மழைக்காலத்துல காயெல்லாம் ஈரமா வரும், எடை குழம்பத்தான் செய்யும், அதுக்காக ஆனி ஆடிக்கு நான் எடை போட மாட்டேன், வெயில் காலத்துக் கணக்க வச்சே வருசத்துக்கும் கூலி குடுங்கன்னு சொன்னா முதலாளி என்னை ஒரு நாள் வச்சிருப்பாரா?

அப்பதான் என் தூக்க மாத்திரை கதையும் வெளிய வந்துச்சு. சோல்பிடெமுக்கு அமெரிக்காவுல 1992ல அனுமதி கெடச்சுச்சு, 2013 ஜனவரிலதான் பொம்பளைங்களுக்கு 10 வேணாம் 5 போதும்னு அளவ பாதியா கொறச்சாங்க. நம்ம ஒடம்புல அது மெதுவாத்தான் கரையுது, காலைல வண்டி ஓட்டுற நேரத்துக்கும் ரத்தத்துல நிக்குது. இருபது வருசமா காலைல தலை சுத்துதுன்னு சொன்ன பொம்பளைங்களுக்கு என்ன பதில் சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கும் அதே பதில்தான் கெடச்சுச்சு.

நம்ம ஊரு நெலம என்னன்னும் கேட்டேன். தேசிய குடும்பநல சர்வே அஞ்சாவது தடவ 2019லருந்து 21 வரைக்கும் எடுத்ததுல, 15லருந்து 49 வயசுப் பொம்பளைங்கள்ல நூத்துக்கு 57 பேருக்கு ரத்தசோகை, ஆம்பளைங்கள்ல 25. தமிழ்நாட்டுல 53, கேரளாவுல 36. ஒரு மலை ஏறி எறங்குறதுக்குள்ள 17 பேரு வித்தியாசம். சரி 50 வயசுக்கு மேல எத்தனன்னு கேட்டேன். 'அந்த டெஸ்ட்டு பொம்பளைங்களுக்கு 49ஓட முடிஞ்சிருதும்மா'ன்னா. ஆம்பளைங்களுக்கு 54 வரைக்கும் எடுத்தாங்க. பிபி சுகர் மட்டும் 15 வயசுக்கு மேல எல்லாருக்கும் பாத்தாங்களாம், அது வரைக்கும் நல்லது. பிள்ளை பெக்குற வயசு முடிஞ்சதும் நோட்டுல பக்கம் தீந்துபோச்சு போல.

மதினி வீட்டுக்கு வந்த பின்னாடி நான் மலை மேல ஒரு அரசு ஆஸ்பத்திரிக்கு நோட்டோட போனேன். அங்க ஒரு லேடி டாக்டர், மலையாளம் பாதி தமிழ் பாதி. நான் வழக்கம் போல 'அசதியா இருக்கு டாக்டர்'னு ஆரம்பிக்க இருந்தேன், பொண்ணு சொல்லி அனுப்பியிருந்தா, அசதின்னு சொல்லாத, நம்பரச் சொல்லுன்னு. நோட்ட நீட்டுனேன். ரெண்டு மாசத்துல 27 நாள் போக்கு, அதிகமா போன நாள்ல 11 பேடு, ராத்திரி எந்திரிச்சு மாத்துனது, ரெண்டு ரூவா காசை விட பெரிய ரத்தக்கட்டி எத்தன தடவ, எல்லாம் இருந்துச்சு. பேனாவ கீழ வச்சுட்டு ரெண்டு பக்கமும் முழுசா படிச்சாங்க. ஒரு மணி ரெண்டு மணிக்கு ஒரு பேடு நனஞ்சா, ஏழு நாளத் தாண்டுனா, பெரிய கட்டி விழுந்தா, அது வயசுக் கோளாறு இல்ல, வைத்தியம் பாக்க வேண்டிய போக்குன்னு சொன்னாங்க. மூணுமே எனக்கு இருந்துச்சு.

ரத்தம் எடுத்தாங்க. ஹீமோகுளோபின் 7.1. பொம்பளைங்களுக்கு 12 இருக்கணும். படபடப்பு, மூச்சு வாங்குறது, மறதி, பாதிக்கு மேல அதுலயே வந்திருக்கும்னாங்க. நான் பைத்தியம் புடிக்கப் போகுதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தது இரும்புச்சத்து இல்லாம. தைராய்டும் பாத்தாங்க, ஏன்னா அதுவும் இதே மாதிரி வேஷம் போடும், எனக்கு சரியாத்தான் இருந்துச்சு. ஸ்கேன்ல கட்டி 3 சென்டிமீட்டர், 'பயப்படுற மாதிரி' இல்ல. 45 வயசுக்கு மேல இப்படி போக்கு இருந்தா கர்ப்பப்பையோட உள் சவ்வுல கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்னு சொல்லி எடுத்தாங்க, கொஞ்சம் வலிதான், பல்ல கடிச்சுக்கிட்டா அஞ்சு நிமிசம், ரிப்போர்ட் நல்லபடியா வந்துச்சு. கர்ப்பப்பைய எடுக்கச் சொன்ன எடத்துல இந்த டெஸ்ட் பேச்சே வரல.

கர்ப்பப்பைய எடுக்கறது தப்புன்னு நான் சொல்ல வரல. சிலருக்கு அது ஒண்ணுதான் வழி, எங்க சின்னம்மாவுக்கு எடுத்தப்பறம்தான் உசுரே வந்துச்சு. ஆனா அது கடைசிப் படி. அதுக்கு முன்னாடி இருக்கற படியெல்லாம் டாக்டர் எனக்கு சொன்னாங்க: போக்கு அதிகமா இருக்கற நாள்ல மட்டும் போடுற டிரானெக்ஸாமிக் மாத்திரை, அதுவும் கால்ல ரத்தக்கட்டு வந்தவங்க அதச் சொல்லாம போடக்கூடாது, அப்புறம் கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் சாதனம், நர்ஸ் அத 'ஹார்மோன் காப்பர்-டி'ன்னாங்க, அதுல காப்பரே கெடையாது. நான் அத வச்சுக்கிட்டேன். முதல் நாலு மாசம் தெனமும் சொட்டு சொட்டா கறை பட்டு, எடுத்துருங்கன்னு சொல்லத்தான் ஒரு நாள் கெளம்புனேன், ஜீப் கெடைக்கல. அஞ்சாவது மாசம் அடங்கிருச்சு. இத யாராச்சும் வச்சுக்கிட்டா அந்த முதல் ஆறு மாசத்த கணக்குல எடுத்துக்கங்க, சில பேரு அங்கதான் பொறுமை போயி எடுத்துடுறாங்க.

இரும்பு மாத்திரைய நான் ரெண்டு வருசமா டீயோட முழுங்கிக்கிட்டிருந்தேன், டீ குடிச்சா அது ஒடம்புல சரியா ஒட்டாதாம். எலுமிச்சம்பழத் தண்ணியோட போடணும், டீயும் பாலும் கால்சியம் மாத்திரையும் ரெண்டு மணி நேரம் தள்ளி. கம்பத்துல பொறந்துட்டு காலைல டீ இல்லாமயா, சரின்னு மாத்திரைய மத்தியானத்துக்கு மாத்திட்டேன். எனக்கு ரொம்ப கொறைவா இருந்ததால நரம்பு வழியாவும் இரும்பு ஏத்துனாங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அஞ்சு தடவ, அஞ்சு நாள் கூலி போச்சு. நாலு மாசத்துல 11.6 வந்துச்சு. மாத்திரை போட்டா வெளிக்குப் போறது கருப்பாத்தான் இருக்கும், பயந்துக்காதீங்க.

தீட்டு நிக்கிற வயசுல வர்ற வேர்வை எரிச்சலுக்குக் குடுக்கற ஹார்மோன் மாத்திரை பத்தி கேட்டேன், ஏன்னா ஜீப்புல ஒருத்தி 'அது போட்டா கேன்சர்'னு சத்தியம் பண்ணுனா. டாக்டர் பேப்பர்ல எழுதிக் காட்டுனாங்க. அந்தப் பயம் 2002ல வந்தது, அமெரிக்காவுல 16,608 பேர வச்சு நடந்த ஆராய்ச்சிய பாதில நிறுத்துனாங்க. வருசத்துக்கு 10,000 பேர்ல, மாத்திரை போடாதவங்கள்ல 30 பேருக்கு மார்புப் புத்துநோய், போட்டவங்கள்ல 38 பேருக்கு. 8 பேரு கூட. அந்த எட்டு பேரும் உசுருதான், சின்ன நம்பர்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அதுல சேந்தவங்களோட சராசரி வயசு 63. பெரும்பாலும் தீட்டு நின்னு பத்து வருசத்துக்கு மேல ஆனவங்க கணக்க, 48ல நின்னுக்கிட்டு எரியுற பொம்பளைக்குப் போட்டு, ஒலகம் முழுக்க நெறைய டாக்டருங்க மாத்திரைய நிறுத்திட்டாங்க. இப்ப என்ன சொல்றாங்கன்னா, 60 வயசுக்குள்ள, இல்ல தீட்டு நின்ன பத்து வருசத்துக்குள்ள ஆரம்பிச்சா நெறைய பேருக்கு நன்மைதான் கூட. மார்புப் புத்துநோய் வந்தவங்க, ரத்தக்கட்டு ஸ்ட்ரோக் வந்தவங்க, ஈரல் வியாதி இருக்கறவங்க, காரணம் தெரியாத போக்கு இருக்கறவங்களுக்கு வேணாம். நான் போட்டுக்கல, ரத்தம் ஏறுனதும் தூக்கம் பாதி திரும்பிருச்சு, வேர்வைய ஒரு துண்டு வச்சு சமாளிக்கிறேன். என் கூடப்பொறந்த தங்கச்சி போடுறா, நல்லா இருக்கா. ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணோம், ஜீப்புல கேட்டு இல்ல.

இன்னொண்ணு, இத ஜீப்புல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்: தீட்டு நின்னு முழுசா ஒரு வருசம் ஆன பின்னாடி ஒரு சொட்டு பட்டாலும் அன்னைக்கே டாக்டர். 'திரும்ப இளமை வந்துருச்சு'ன்னு கிண்டல் பண்றது வேணாம். முக்கால்வாசி சின்னக் காரணமாத்தான் இருக்கும், ஆனா புத்துநோய் இல்லன்னு பாத்துத்தான் சொல்லணும்.

அன்னைக்கு அந்த நர்சிங் ஹோம்ல நான் என்ன கேட்டிருக்கணும்னு இப்ப தெரியும். கட்டி எத்தன சென்டிமீட்டர், எடுக்கலன்னா என்ன ஆகும், எடுக்காம வேற என்ன வழி இருக்கு, சினைப்பையையும் எடுப்பீங்களா, எடுத்தா ஏன். ஸ்கேன் ரிப்போர்ட்ட கையில குடுங்கன்னு கேக்கணும், அது நம்ம காசு குடுத்து எடுத்தது. மதினி மாதிரி தாடையோ முதுகோ புடிச்சு கூடவே வேர்த்து மூச்சு வாங்குனா வாயில 'கேஸ்'ங்கற வார்த்தையே வரக்கூடாது, 'ஈசிஜி எடுங்க'ன்னு கூட போறவங்க சொல்லணும். நான்தான் கூட போனேன், நான் சொல்லல.

இப்ப எங்க ஜீப்புல ஆறு பேரு நோட்டு வச்சிருக்காங்க. எழுதத் தெரியாத ஒரு அக்கா தினசரி காலண்டர் தாள்ல புள்ளி வைக்கிறாங்க, ஒரு பேடுக்கு ஒரு புள்ளி, ரெண்டாவது வாரத் தாளெல்லாம் அம்மை போட்ட மாதிரி இருக்கும், அப்படியே ரப்பர் பேண்டு போட்டு டாக்டர்கிட்ட குடுத்துச்சு. டாக்டர் சிரிக்காம எண்ணுனாங்களாம்.

தண்ணி குடிக்காம போற பழக்கத்தையும் மாத்தணும்னு, மலை ஏறுறதுக்கு முன்னாடி இருக்கற பெட்ரோல் பங்க்ல ஜீப்ப பத்து நிமிசம் நிறுத்தச் சொன்னோம், அங்க கக்கூஸ் சுத்தமா இருக்கு. டிரைவர் தம்பி லேட்டாகும்னு மொதல்ல மொனகுனான். எதுக்குன்னு கேட்டதுக்கு எவளும் வாயத் தொறக்கல, எனக்கும் பிள்ள வயசுல இருக்கறவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்துச்சு, டீ குடிக்கன்னு சொல்லிட்டேன். அதனால இப்ப 14 பேருல மூணு பேரு தெனமும் டீ வாங்கணும், அது எங்களுக்குள்ள முறை வச்சிருக்கோம், இந்த வாரம் என் முறை.